அபர்டீனில் ஒரு பகல்: ரயில் இறங்கியது முதல் கப்பல் ஏறும் வரை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்கும் ஆர்க்னிக்கும் போகிறவர்களில் பலருக்கு, வடகிழக்குக் கரையில் இருக்கும் அபர்டீன் வெறும் காத்திருப்பு அறை. காலையில் எடின்பரோவிலிருந்து ரயிலில் வந்து இறங்குவார்கள். கப்பல் மாலையில். நடுவில் கிடைக்கும் ஏழெட்டு மணி நேரத்தை ஸ்டேஷனை ஒட்டிய மாலில் உட்கார்ந்தே கரைத்துவிட்டு, 'சாம்பல் நிற ஊர், பார்க்க ஒன்றும் இல்லை' என்று சொல்லிப் போவார்கள். அந்தக் கடை வளாகத்தைத் தாண்டி அரை மணி நேரம் கடல் பக்கமாக நடந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஸ்டேஷனுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான பட்டையில்தான் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதைக் கடிகாரமும் காற்றும் முடிவு செய்யும்.

முதலில் கப்பல் நேரத்தைப் பாருங்கள்

திட்டத்தைக் காலையிலிருந்து போடாதீர்கள். கப்பல் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். தீவுகளுக்குப் போகும் நார்த்லிங்க் நிறுவனத்தின் கப்பல் நேராக ஷெட்லாந்தின் லெர்விக் போகும் நாட்களில் மாலை 7 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 7:30-க்குச் சேரும். ஆர்க்னியின் கிர்க்வால் வழியாகப் போகும் நாட்களில் மாலை 5 மணிக்கே கிளம்பிவிடும். இந்த இரண்டு மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காமல் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. டிக்கெட்டில் கப்பல் பெயர் ஹ்யால்ட்லாந்தா, ஹ்ராஸியா என்று பார்ப்பதைவிட மணியைப் பாருங்கள். இரண்டு கப்பலும் ஒரே அச்சில் வார்த்தவைதான்.

நடந்து ஏறுகிற பயணிகளுக்குச் செக்-இன் கப்பல் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே மூடப்படும். 7 மணிக் கப்பல் என்றால் 6 மணிக்கு முனையத்தில் இருப்பது நல்லது. முனையம் ஜேமிசன்ஸ் கீ என்ற கப்பல்துறையில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. பாஸ்போர்ட் பெட்டிக்குள் வேண்டாம், கையில் இருக்கட்டும்.

உல்லாசக் கப்பலில் வருகிறவர்கள் இறங்குவது இங்கே அல்ல. பெரிய கப்பல்கள் ஊருக்குத் தெற்கே நிக் விரிகுடாவில், 2023-இல் முறைப்படி திறக்கப்பட்ட தெற்குத் துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து நகரத்துக்குப் பேருந்து ஏற்பாடு இருக்கிறதா என்று கப்பலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதுதான் உங்கள் 'கப்பல் நேரம்'.

ரயிலில் வலது ஜன்னல்

எடின்பரோவிலிருந்து வருவதானால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வடக்கே போகும் திசையில் வலது பக்க ஜன்னல் இருக்கையைப் பிடியுங்கள். 1890-இல் திறந்த ஃபோர்த் பாலத்தின் மேல் போகும்போது பாலம் தெரியாது, சிவப்பு இரும்புச் சட்டங்கள் சட்சட்டென்று கடந்துபோவதுதான் தெரியும், ஏமாற்றம் வேண்டாம். டண்டீக்கு முன்னால் டே பாலத்தில் வண்டி மெதுவாகப் போகும்போது வலது பக்கம் கீழே தண்ணீரைப் பாருங்கள். வரிசையாக மொட்டைக் கல் தூண்கள் தெரியும். 1879 டிசம்பர் 28 இரவு புயலில் ரயிலோடு இடிந்து விழுந்த பழைய பாலத்தின் மிச்சம் அது. ஆர்ப்ரோத் தாண்டியதும் கடல் அவ்வப்போது கூடவே வரும்.

போகிற வழியில் லாரன்ஸ்கர்க் என்று ஒரு சிறிய நிலையம். எல்லா வண்டியும் நிற்காது. இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 1835-இல் பிறந்தது இதன் பக்கத்து ஊரான ஆக்கன்ப்ளேயில். 1852-இல் இலங்கை போய், 1867-இல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டவர். அந்த மலையகத்தை உழைத்து உருவாக்கிய தமிழர்களின் வரலாற்றுக்கு ஒரு முனை இந்தக் கோதுமை வயல் ஓரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல நிலையத்தில் யாரும் இல்லை.

விமானத்தில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விமான நிலையம் இருப்பது டைஸ் என்ற இடத்தில்; டைஸ் என்ற பெயரில் ரயில் நிலையமும் உண்டு. வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும். ஆனால் நடுவில் ஓடுபாதை குறுக்கே கிடக்கிறது, பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிற தூரமில்லை. முனையத்து வாசலிலேயே நிற்கும் 727 பேருந்தைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் நகர மையம். வாடகைக் கார் எடுப்பவர்கள் நகர மையத்தில் பேருந்துக்கு மட்டுமான சாலைத் துண்டுகளைக் கவனியுங்கள். கேமரா பிடித்து அபராதச் சீட்டு கார் கம்பெனி வழியாக வந்து சேரும். 2024 ஜூனிலிருந்து புகை அளவுக் கட்டுப்பாட்டு வளையமும் அமலில் இருக்கிறது. ஒரு பகலுக்காக வருகிறவர்களுக்குக் கார் தேவையே இல்லை.

பெட்டியும் பணமும்

பெட்டியை என்ன செய்வது என்பதை வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இணையத்தில் பதிவு செய்து, கடைகளிலும் ஹோட்டல்களிலும் பெட்டியை ஒப்படைக்கும் சேவைகள் உண்டு. பெட்டியோடே சுற்றலாம் என்று நினைத்தால் இந்த ஊர் விடாது: பழைய தெருக்களில் ரொட்டித் துண்டு அளவில் கருங்கல் பதித்திருக்கிறார்கள். நாலு சக்கரப் பெட்டியின் குட்டிச் சக்கரம் அந்தக் கல் இடுக்கில் சிக்கிப் பிய்ந்துபோகும். முதுகுப்பை என்றால் கவலையில்லை.

பணம் மாற்ற வேண்டியதில்லை, பேருந்து முதல் பேக்கரி வரை கார்டைத் தொட்டாலே போதும். மெஷினில் பணம் எடுத்தால் ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சடிக்கும் நோட்டுகள் வரலாம். பவுண்டுதான், இங்கே செல்லும். ஆனால் ஊர் திரும்பிய பிறகு நாணய மாற்றுக் கடைக்காரர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பார். அந்த நோட்டுகளை இங்கேயே செலவழித்துவிடுங்கள்.

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஊருக்குள் வர பிரிட்டன் விசா வேண்டும். கனடா, சிங்கப்பூர், மலேசியா கடவுச்சீட்டு என்றால் விசா இல்லை, ஆனால் இடிஏ எனும் மின்னணு அனுமதியைப் புறப்படும் முன் வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டு அடுக்கு ஊர்

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பலர் குழம்புவது இங்கேதான். போனில் வரைபடம் 'யூனியன் தெரு, 200 மீட்டர்' என்று காட்டும். அந்த இடத்தில் போய் நின்றால் தெரு தலைக்கு மேலே இருக்கும். 1801-இல் வேலை தொடங்கிய யூனியன் தெரு, பள்ளத்தாக்கையும் பழைய சந்துகளையும் கல் வளைவுகளால் தாண்டி மேலே போடப்பட்ட சாலை. பழைய ஊர் கீழேயே தங்கிவிட்டது. எனவே கில்ட் தெருவிலிருந்து மார்க்கெட் தெரு ஏற்றத்தில் ஏறுங்கள், அல்லது 'தி கிரீன்' என்ற பழைய சந்தைத் திடலுக்குப் போய் அதன் மூலையில் இருக்கும் பேக் வின்ட் படிக்கட்டில் ஏறுங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு மார்க்கெட் தெருதான் வழி.

யூனியன் தெருவிலேயே மணிக்கணக்கில் நடக்காதீர்கள். காலிக் கடைகள் நிறைய. யூனியன் பாலத்தில் மட்டும் ஒரு நிமிடம் நின்று கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சின்ன உலோகச் சிறுத்தைகளைப் பாருங்கள். 'கெல்லியின் பூனைகள்' என்று ஊரார் கூப்பிடுவது இவற்றைத்தான். பிறகு கிழக்கே திரும்பி, பிராட் தெருவில் இருக்கும் மாரிஷல் கல்லூரிக்குப் போங்கள்.

கருங்கல்லில் கட்டிய கட்டடங்களில் ஸ்பெயினின் எஸ்கோரியல் அரண்மனைக்கு அடுத்து உலகிலேயே இரண்டாவது பெரியது என்று இதைச் சொல்வார்கள். முகப்பு 1906-இல் முடிந்தது. இப்போது நகர மன்ற அலுவலகம். உள்ளே போக வேண்டியதில்லை, எதிர்ப்புறம் நின்று பார்ப்பதுதான். கருங்கல்லை உளி வைத்துச் செதுக்குவது எவ்வளவு பாடு என்பது தஞ்சைக்கும் மாமல்லபுரத்துக்கும் போய் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அதைத் தேவாலயக் கோபுரம்போல ஊசி ஊசியாக இழைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போய்க் கல்லைப் பாருங்கள்: வெள்ளையும் சாம்பலும் கலந்த புள்ளிகள், நடுநடுவே அப்பளத் துணுக்குபோல மைக்காத் தகடுகள். வெயில் பட்டால் சுவர் முழுக்க மினுமினுக்கும். 'வெள்ளி நகரம்' என்ற பெயர் அதனால்தான். மழையில் அதே சுவர் ஈரச் சிமெண்ட் நிறத்துக்குப் போய்விடும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தால், எங்கே இருந்தாலும் ஐந்து நிமிடம் இங்கே திரும்பி வருவது நஷ்டமில்லை.

ஊரின் கருங்கல் கட்டடங்களில் ஏறக்குறைய பாதிக்குக் கல் கொடுத்தது மேற்கே இருக்கும் ரூபிஸ்லா குவாரி. 140 மீட்டருக்கு மேல் தோண்டி, 1971-இல் மூடினார்கள். இப்போது தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. ஒரு பகல் பயணத்தில் அதைத் தேடிப் போக வேண்டாம்.

கடல் அருங்காட்சியகம்

மாரிஷலிலிருந்து ஐந்தாறு நிமிட இறக்கத்தில் ஷிப்ரோ தெரு. 1593-இல் கட்டிய ப்ரோவோஸ்ட் ராஸ் வீட்டையும் ஒரு பழைய தேவாலயத்தையும் கண்ணாடிக் கட்டடத்தால் இணைத்துக் கடல் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இங்கே பார்க்க வேண்டியது மர்ச்சிசன் எண்ணெய் மேடையின் மாதிரி. மூன்று மாடி உயரத்துக்கு நடுக்கூடத்தில் நிற்கிறது. கீழ்த்தளத்தில் நின்றால் கடலுக்கு அடியில் இருக்கும் கால்கள்தான் கண்ணுக்கு நேரே. மனிதர்கள் வாழும் தளம் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு மாடியாக ஏறிப் பாருங்கள். 1970-களில் வடகடலில் எண்ணெய் பெருகியதும் இந்த மீன்பிடி ஊர் ஏன் ஐரோப்பாவின் எண்ணெய்த் தலைநகர் ஆனது, டைஸில் ஏன் ஓயாமல் ஹெலிகாப்டர்கள் ஏறி இறங்குகின்றன என்பதெல்லாம் இதைப் பார்த்தால் பிடிபடும். மேல் மாடி ஜன்னலில் துறைமுகம் அப்படியே விரியும். நீங்கள் ஏறப்போகும் நீல-வெள்ளைக் கப்பல் நிற்பதையும் அங்கிருந்தே பார்த்துவிடலாம். இந்தத் துறைமுகம் 1136 முதல் இயங்குகிறது.

மழை கொட்டினால் ஸ்கூல்ஹில் கலைக்கூடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம், 2019-இல் புதுப்பித்துத் திறந்தது.

ஃபிட்டி: கடலுக்கு முதுகைக் காட்டிய வீடுகள்

வரைபடத்தில் 'ஃபுட்டீ' என்று எழுதியிருக்கும், உச்சரிப்பு 'ஃபிட்டி'. காஸில்கேட் திடலிலிருந்து கிழக்கே பீச் பூல்வார்ட் வழியாக நேராகக் கடற்கரைக்கு இருபது நிமிடம். அங்கிருந்து கடலை இடது கையில் வைத்துத் தெற்கே இன்னொரு இருபது நிமிடம் நடந்தால் சாலை முடியும் இடத்தில் ஊர். திரும்பும்போது துறைமுக ஓரமாக வந்தால் அரை மணி நேரத்தில் ஷிப்ரோ. இந்தச் சுற்றை இந்தத் திசையிலேயே போங்கள்: துறைமுக ஓரம் லாரியும் கிடங்குமாக இருக்கும், அதை முதலில் பார்த்தால் பாதியில் திரும்பிவிடத் தோன்றும்.

1809-இல் நகரத்தின் கட்டடக் கலைஞர் ஜான் ஸ்மித் மீனவர்களுக்காக வகுத்த குடியிருப்பு இது. குட்டையான வீடுகள் சதுரமாகச் சுற்றி நிற்க, வாசல்கள் எல்லாம் உள்முற்றத்தைப் பார்த்தபடி. கடல் பக்கம் முழுக்கப் பின்சுவர். கடலை நம்பி வாழ்ந்தவர்கள் கடல் பார்க்க ஜன்னல் வைக்கவில்லை. கிழக்குக் காற்று ஒரு நாள் முகத்தில் அடித்தால் காரணம் விளங்கும். முற்றத்தின் நடுவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொட்டகை. ஒன்று நீலச் சாயம் பூசியது, அடுத்தது மிதந்து வந்த பலகையில் ஒட்டுப்போட்டது, இன்னொன்றின் கூரையில் மிதவைக் குண்டுகள். காவல் பொம்மைகள், கிளிஞ்சல், பழைய பெயர்ப்பலகை என்று அவரவர் மனசுக்குத் தோன்றியது.

இங்கே மக்கள் வசிக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். கொடியில் துணி காயும். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், கொட்டகைக் கதவைத் தள்ளிப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போதும். வெளியே வந்ததும் பழைய துறைமுகக் கண்காணிப்புக் கட்டடம் நிற்கும். பெயர் 'வட்ட வீடு', வடிவமோ எண்கோணம்.

டால்பின் எதிர்க்கரையில்

ஃபிட்டியின் முனையில் நின்றால் எதிரே துறைமுகத்தின் நுழைவுக் கால்வாய்க்கு அப்பால் ஒரு மேட்டில் இடிந்த கோட்டை மதில் தெரியும். டாரி பேட்டரி என்ற பழைய பீரங்கித் தளம். கூப்பிடு தூரம்தான், ஆனால் குறுக்கே பாலமும் இல்லை, படகும் இல்லை. துறைமுகத்தைச் சுற்றி விக்டோரியா பாலம் வழியாகப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பாலமும் சும்மா வந்ததல்ல: 1876 ஏப்ரலில் இங்கே கடலில் கலக்கும் டீ ஆற்றில் பயணிகள் படகு கவிழ்ந்து 32 பேர் மூழ்கிய பிறகுதான், 1881-இல் கட்டினார்கள். நடக்க நேரமில்லை என்றால் நகர மையத்திலிருந்து டாக்சியில் பத்து நிமிடம். திரும்பி வரவும் வண்டி சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போவது டால்பினுக்காக. கரையில் நின்றபடி அவற்றைப் பார்க்க ஐரோப்பாவிலேயே நல்ல இடங்களில் ஒன்று. டீ ஆற்றுக்குள் ஏறும் சால்மன் மீன் இந்தக் குறுகலான வாயில் வழியாகத்தான் போயாக வேண்டும். டால்பின்கள் அங்கேயே காத்திருக்கும். கோடையின் முற்பகுதி நல்ல காலம். எப்படிப் பார்ப்பது என்றால், கடலின் நடுவே கண்ணை ஓட்டாதீர்கள். இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களின் நுனிகளுக்கு நடுவே உள்ள தண்ணீரில் மட்டும் கண்ணை வையுங்கள். கடற்பறவைகள் ஒரே இடத்தில் கூடி அலறினால் அதன் கீழே. எண்ணெய் மேடைக்குப் போகும் கப்பல் வெளியேறும்போது அதன் மூக்கு முன்னால் நுரையில் பாருங்கள். சாம்பல் முதுகு வளைந்து மறையும். நாற்பது நிமிடம் நின்றும் ஒன்றும் வரவில்லை என்றால், மதிலுக்குள் இருக்கும் கிரேஹோப் பே மையத்தில் சூடாக ஏதாவது குடித்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

ஃபிட்டியா டாரியா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியுமானால், ஜூன் மாதத் தெளிந்த நாளில் டாரி. மற்ற நாட்களில் ஃபிட்டி.

காற்றும் 'ஹார்' மூட்டமும்

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் காற்றடிக்கும் நாட்களில் கடலிலிருந்து அடர்ந்த பனிமூட்டம் ஏறிவரும். ஊர்க்காரர்கள் 'ஹார்' என்பார்கள். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடல் மேல் வரும்போது உண்டாவது. கரையில் பத்தடிக்கு அப்பால் தெரியாது, ஐந்து கிலோமீட்டர் உள்ளே வெயில் காயும். ஹார் இறங்கிவிட்டால் டால்பினை மறந்துவிட்டு, கிங் தெரு வழியாகப் போகும் 1 அல்லது 2 எண் பேருந்தில் பழைய அபர்டீனுக்குப் போங்கள். 1495-இல் நிறுவிய கிங்ஸ் கல்லூரியின் கிரீடக் கோபுரமும் செயின்ட் மக்கார் தேவாலயத்தில் 48 கேடயங்கள் பதித்த மரக்கூரையும் மூட்டத்தில்தான் இன்னும் அழகு.

ஜூலையிலும் பகல் வெப்பம் 17, 18 டிகிரிதான். காற்றுப்புகாத மேலாடை போதும், குடை வேண்டாம். கடற்கரையில் விரித்த இரண்டாம் நிமிடம் கம்பி திரும்பிவிடும். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும், அதனால் குளிர்காலத்தில் கடல் பக்கத்தை முதலில் முடித்து அருங்காட்சியகத்தைப் பிற்பகலுக்கு வையுங்கள்.

தெற்கே கடற்பாறை மேல் நிற்கும் டன்னாட்டர் கோட்டைக்கு ஓடிவிட்டு வரலாமா என்று பலர் கேட்பார்கள். அதன் பக்கத்து ஊரான ஸ்டோன்ஹேவனுக்கு ரயில் இருபது நிமிடம்தான். ஆனால் நிலையம் ஊருக்கு மேலே இருக்கிறது, அங்கிருந்து கோட்டைக்கு ஒரு மணி நேர நடை, ஏராளமான படிகள், பலமான காற்றடித்தால் வாசலை மூடிவிடுவார்கள். போய்வர ஐந்து மணி நேரம் கழியும். மாலை 5 மணிக் கப்பல் என்றால் நினைக்கவே வேண்டாம்.

சாப்பாடு

காலையில் எந்தப் பேக்கரியிலும் ரவ்வி கேளுங்கள், பட்டரி என்றும் சொல்வார்கள். உள்ளங்கை அளவில் சப்பையாக, மிதித்து நசுக்கிய குரோசான்போல இருக்கும். உப்பு தூக்கல், கொழுப்பு அதைவிடத் தூக்கல். ஓரம் மொறுமொறு, நடுவில் பரோட்டாபோல அடுக்கடுக்காக. கடலுக்குப் போகும் மீனவர்கள் நாட்பட வைத்துச் சாப்பிடச் செய்தது என்பார்கள். சூடாக்கச் சொல்லி ஜாம் தடவிச் சாப்பிடுங்கள். சைவர்களும் முஸ்லிம்களும் வாங்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பழைய முறையில் இது பன்றிக் கொழுப்பில் செய்வது. தாவர எண்ணெயில் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதேபோல் மீன்-சிப்ஸ் கடைகளில் சிலர் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள். உருளைக்கிழங்கு மட்டும்தானே என்று வாங்கிவிடாதீர்கள். மீனில் இங்கே ஹாடக்தான் முதல் மரியாதை. குளிர் அடித்தால் கல்லன் ஸ்கிங்க்: புகைபோட்ட ஹாடக், உருளைக்கிழங்கு, பால் சேர்ந்த கெட்டி சூப்.

எதை வாங்கினாலும் திறந்த வெளியில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள். இந்த ஊர்க் கடற்காகங்கள் நம் ஊர்க் காக்கையைவிட மூன்று மடங்கு பெரியவை, பின்னாலிருந்து தலையை உரசியபடி வந்து கொத்திக்கொண்டு போகும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று சாப்பிடுங்கள்.

கடைக்காரர் 'ஃபிட் லைக்?' என்றால் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை, 'எப்படி இருக்கீங்க' என்கிறார். இந்தப் பக்கத்து டோரிக் பேச்சில் 'வாட்' என்பது 'ஃபிட்'. 'நாட் பேட்' என்று சொன்னால் போதும்.

கப்பலில்

கடல் ஆடும் என்ற முன்னறிவிப்பு இருந்தால் வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. சாப்பாட்டையும் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே முடியுங்கள்.

ஏறியதும் கேபினில் படுத்துவிடாமல் மேல்தளத்துக்குப் போங்கள். கப்பல் அந்தக் குறுகலான கால்வாய் வழியாக ஊர்ந்துதான் வெளியேறும். இடது பக்கம் ஃபிட்டியின் கூரைகள் கைக்கெட்டும் தூரத்தில் வரும், வலது பக்கம் டாரி பேட்டரி. அங்கே போக நேரம் கிடைக்காதவர்கள் வலது கைப்பிடிக் கம்பியோரம் நிற்கட்டும். அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் டால்பின்கள் கப்பலோடு கூட வந்தாலும் வரும்.